குழாயடி விரிவுரையாளர்

கல்லூரியில் நூலகவியல் விரிவுரையாளர் ஆகியே தீருவது என்று நூலகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவெடுத்தார். முடிவை நடுக்கூடத்தில் நின்று முழங்கினார்.

“இனிமே இந்த வீட்டுல ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டேன். படிக்கப் போறேன். விரிவுரையாளர் ஆகப் போறேன்!”

பட்டம் வாங்கியிருந்தும் வீட்டிலேயே துணி தைத்துக்கொண்டிருந்த மனைவி மிஷினை நிறுத்தினாள். “என்னமோ சொன்ன மாதிரி இருந்துச்சே, என்னங்க?”

அதுதான் அவருடைய வியாதி. இருபது வருஷமாக நூலகத்துக்கு வருகிறவர்களையெல்லாம் ‘உஷ்’ என்று அடக்கி அடக்கி, கடைசியில் அவர் குரலே அடங்கிப் போயிருந்தது. இரண்டு கல்லூரிகளில் மாதிரி வகுப்பு எடுத்துப் பார்த்துவிட்டார். முதல் கல்லூரியில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கவில்லை. இரண்டாவதில் முதல் பெஞ்சுக்கே கேட்கவில்லை.

“விரிவுரையாளர் ஆகப் போறேன்னேன்!”

“விரிவுரை இருக்கட்டும். விரிச்ச படுக்கையை முதல்ல சுருட்டுங்க.”

“கிண்டலா? நூலைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?”

“என் நூல் ஊசிக் காதுலயே நுழையும். உங்க நூல் மனுஷங்க காதுல நுழைய மாட்டேங்குதே!”

நூலகருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “மூணாவது கல்லூரி கூப்பிடட்டும். அப்புறம் பாரு!”

“அதுக்குள்ள குரலைத் தேத்துங்க. குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்கு மேல பாடம் நடத்துங்க. இங்க எனக்குக் கேட்டா நீங்க தேறின மாதிரி.”

“சும்மா திறந்துவிட்டா தண்ணி வீணாப் போகாதா?”

“அட, ஆமா. கீழ நாலு பாத்திரத்தை வச்சுக்குங்க.”

யோசனையைச் சொன்னது தாம்தான் என்ற பெருமையோடு நூலகர் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

மறுநாளிலிருந்து பாத்திரம் தேய்த்தபடி நூல் பகுப்பு முறைப் பாடம் நடந்தது. மிக்சி ஓட ஓடப் பட்டியலாக்கம். மொட்டை மாடியில் துணி உலர்த்தியபடி நூல் பாதுகாப்பு. மனைவி மிஷினடியிலிருந்து சந்தேகம் வேறு கேட்பாள்.

“ஒரே புத்தகம் ரெண்டு விஷயத்தைப் பேசினா எந்த அலமாரியில வைப்பீங்க?”

“எதை அதிகமாப் பேசுதோ அதுல!”

“கேக்கலை! சட்டியைக் கீழ வச்சுட்டுச் சொல்லாதீங்க, தேய்ச்சுக்கிட்டே சொல்லுங்க!”

எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் வாசலில் நூலகரைப் பிடித்துக்கொண்டார். “ஏன் சார், வீட்டுல அந்தப் போடு போடறீங்க, உங்க வீட்டம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசறதில்லையே! எப்படி சார்?”

நூலகர் மீசையை முறுக்கினார். சோப்பு நுரை கையோடு வந்தது. “அடக்கி வைக்கணும் சார்” என்றார்.

சில மாதம் கழித்து மூன்றாவது கல்லூரி கூப்பிட்டது. மாதிரி வகுப்பில் நூலகர் வாயைத் திறந்ததும் தூங்கிக்கொண்டிருந்த முதல்வர் எழுந்து நின்றுவிட்டார். பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஓடி வந்து, கொஞ்சம் மெதுவாக நடத்தும்படி கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். அன்றைக்கே வேலை உறுதியாயிற்று.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்த நூலகர் மறுபடியும் நடுக்கூடத்தில் நின்றார்.

“வேலை கிடைச்சாச்சு! பயிற்சி முடிஞ்சாச்சு! இனிமே குழாய்ப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன்! யாரு கேக்கறதுன்னு பாக்கறேன்!”

இந்த முறை தெருவுக்கே கேட்டது. மனைவி அறையிலிருந்து வந்தாள். மடிப்புக் கலையாத புடவை. தோளில் புதுப் பை.

“ரொம்பச் சந்தோஷம்ங்க. எனக்கும் இடம் கிடைச்சிருச்சு.”

“எங்க?”

“அதே கல்லூரியில. நூலகவியல் மாலை வகுப்பு. இத்தனை மாசமா உங்க பாடத்தைக் கேட்டுக் கேட்டு, நுழைவுத் தேர்வுல ஒரு கேள்விகூட விடலை.”

“மாலை வகுப்பா? அப்போ... ராத்திரிச் சமையல்?”

மனைவி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“அடுப்புல தண்ணி கொதிக்குது, மீதியைப் பாத்துக்குங்க. எனக்கு வகுப்புக்கு நேரமாச்சு, சார்.”