படிவம் சார் ஏரிக்குப் போனது

மரத்தைக் கண்டால் நின்று பார்ப்பவர்கள் ஓர் இனம். பார்க்காமலே போகிறவர்கள் இன்னோர் இனம். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு. மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பார்த்து, "இந்த மரத்தின்மேல் இப்போது உனக்கு எவ்வளவு பிரியம்? ஒன்றிலிருந்து ஐந்துவரை ஓர் எண்ணை வட்டமிடு" என்று தாளை நீட்டுகிறவர்கள் அவர்கள். சுற்றுச்சூழல் கல்வி ஆராய்ச்சியாளர்கள் என்று பெயர். சிரிக்காதீர்கள், இதற்குச் சம்பளம் உண்டு.

நம்மவரை ஆராய்ச்சி நிலையத்தில் எல்லாரும் 'படிவம் சார்' என்றே கூப்பிடுவார்கள். பையில் நாலு பென்சில், ஒரு ஷார்ப்னர், எந்நேரமும் நூறு படிவம். எதையும் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை அளக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. வீட்டில் சாப்பாடு முடிந்து அவர் நிமிர்வதற்குள் மகள், "நாலுப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவாள். அவருடைய வேலை என்ன என்பது மாமியார் வீட்டுக்குப் பத்து வருஷமாகப் பிடிபடவில்லை. காட்டு அதிகாரி என்று தாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். "மாப்ளே, வாசக்கதவுக்கு நல்ல மரமா ஒண்ணு ஏற்பாடு பண்ணுங்க" என்று மாமனார் ஒருமுறை கேட்டேவிட்டார். "நான் மரத்தைப் பத்தின கல்வியைப் பத்தி ஆராய்ச்சி பண்றேன் மாமா" என்றார் இவர். மாமனார், "அப்ப கதவு கிடைக்காதா?" என்றார்.

அப்படிப்பட்டவருக்கு அந்த வருஷம் ஒரு கண்டம் வந்தது. மூன்று வருஷ ஒப்பந்தம் முடியப்போகிறது. நீட்டிப்பதும் வீட்டுக்கு அனுப்புவதும் ஒரே ஓர் ஆய்வின் கையில். நாற்பது பள்ளிப் பிள்ளைகளை ஏரிக்கு அழைத்துப்போக வேண்டும், அறிவு எவ்வளவு கூடியது என்று மதிப்பீட்டுக் குழுவின் முன் காட்ட வேண்டும். "கோடு மேல ஏறணும் சார். ஏறினா நமக்கு எல்லாம் சரியா நடக்கும்" என்றார் இயக்குநர் அம்மா.

ஏரிக்கரையில் பேருந்து நின்றதும் பிள்ளைகள் தண்ணீரைப் பார்த்து ஓடினார்கள். படிவம் சார் கையை விரித்து மறித்தார். முதலில் இருபத்தாறு கேள்வி, அப்புறம்தான் ஏரி. 'ஏரிப் பறவைகளைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும்' என்ற கேள்விக்கு முக்கால்வாசிப் பேர் யோசிக்காமல் ஐந்தை வட்டமிட்டார்கள். பதினேழாவது கேள்வியில் இருந்தபோது, பத்தடி தூரத்தில் ஒரு நீர்க்காகம் தன் கழுத்தைவிடப் பருத்த மீனோடு தண்ணீரிலிருந்து எழும்பியது. அவ்வளவுதான். நாற்பது படிவமும் புல்லில் கிடந்தன.

"சார், அம்மாம் பெரிய மீன் எப்படி உள்ள போகும்?"

"பதினேழாவது கேள்வியை முடிச்சிட்டு..."

"முள்ளு தொண்டையில குத்தாதா சார்?"

படிவம் சார் கூட்டிப்போன வழிகாட்டிப் பெண்ணைப் பார்த்தார். அவளும் உதட்டைப் பிதுக்கினாள். நீர்க்காகம் மீனைத் தூக்கிப்போட்டுத் திருப்பிப் பிடித்து, கழுத்தை உதறி, ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு இவர்களைப் பார்த்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நம்மவரும் தட்டியிருக்கிறார். பென்சில் கீழே விழுந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

திரும்பும்போது பேருந்தில் நிரப்பி வாங்கிய பின்படிவங்களை மறுநாள் கூட்டினார். தெரியும் என்று சொன்ன கேள்விக்குப் போகும்போது சராசரி நாலு புள்ளி ஆறு, வந்த பிறகு இரண்டு புள்ளி ஒன்பது. மூன்று தடவை கூட்டினார். கூட்டல் சரியாகத்தான் இருந்தது. கோடு மாடியிலிருந்து உருண்ட செம்புபோல நேராகக் கீழே போயிருந்தது. ஏரியைக் காட்டி இருந்த அறிவையும் போக்கிவிட்டு வந்த முதல் ஆராய்ச்சியாளர் தான்தானோ என்று நாலாவது தடவையும் கூட்டிப் பார்த்தார்.

"ரெண்டு படிவத்தையும் இடம் மாத்தி வச்சிடலாமே" என்றார் இயக்குநர் அம்மா, ஜன்னலைப் பார்த்தபடி. யாருக்கும் கேட்காத குரல்தான். நம்மவருக்குக் கேட்டது. ஒப்பந்தம், மகளின் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை எல்லாம் ஒரு நொடி கண்முன் வந்து போயின. "ஒரு நாள் குடுங்க மேடம்" என்றார்.

பள்ளிக்குப் போனார். படிவம் இல்லாமல் போனதால் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஐந்திலிருந்து இரண்டுக்கு இறங்கிய ஒரு சிறுமியைக் கூப்பிட்டு, "ஏம்மா குறைச்சுப் போட்டே?" என்று கேட்டார்.

"போறதுக்கு முன்னாடி எல்லாம் தெரியும்னு நெனச்சேன் சார். பாத்தப்புறம் அந்தக் காக்கா ஏன் ரெக்கைய விரிச்சுக் காயவைக்குதுன்னுகூடத் தெரியலை. தெரியாதப்ப அஞ்சு போட்டா பொய்தானே?"

படிவம் சார் அங்கேயே சிறிய பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்துவிட்டார். சுற்றிப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். மணி அடிப்பதற்குள் அறுபத்துமூன்று கேள்விகளை எழுதிக்கொண்டார். ஒன்றுக்கும் அவருக்குப் பதில் தெரியாது.

குழுவின் முன் கோட்டை உள்ளபடியே காட்டினார். "கீழதான் போயிருக்கு. காரணம் இது" என்று கேள்விகளைப் படிக்கத் தொடங்கினார். இயக்குநர் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நாலாவது கேள்வியில் குழுத் தலைவர் கையைத் தூக்கினார்.

"முள்ளு குத்தாது. மீனோட தலைய முதல்ல விட்டு முழுங்கும். அப்ப முள்ளு படிஞ்சுக்கும்."

"எல்லா மீனுக்கும் அப்படிப் படியாது" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"நீங்க எங்க பாத்தீங்க?"

"நீங்க எங்க பாத்தீங்க?"

இருபது நிமிஷம் போனது. கடைசியில் குழுவில் இருந்த மூவருமே ஏரியைப் போய்ப் பார்ப்பது என்று தீர்மானம் ஆனது. ஒப்பந்தம் மூன்று வருஷம் கேட்ட இடத்தில் ஒன்றுதான் கிடைத்தது. நம்மவருக்கு அதற்கே சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? மறு வாரமே புதுப் படிவம் அச்சாகி வந்தது. முதல் கேள்வி: 'எனக்கு ஒன்றும் தெரியாது என்பது இப்போது எனக்கு எவ்வளவு நன்றாகத் தெரியும்? ஒன்றிலிருந்து ஐந்துவரை.' ஆனால் அதை ஏரியைப் பார்த்த பிறகுதான் கொடுக்கிறார். அந்த மட்டும் முன்னேற்றம்.

பாவம் மனிதர் என்று தலையாட்டுகிறீர்கள். ஆட்டுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் விளையாடிவிட்டு, மண்ணும் காய்ந்த இலையுமாக வீட்டுக்குள் ஓடிவந்த பிள்ளையை, செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் நிறுத்தி, "இன்னிக்கு என்ன கத்துக்கிட்டே?" என்று கேட்டது யார் என்று மட்டும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.