இரண்டு விரற்கடை

பேண்ட் இரண்டு விரற்கடை குட்டையாக இருந்தது.

மகள் வீட்டில் போடும் நீலப் பேண்ட்டைக் கட்டிலில் விரித்து, அதன்மேல் அவளுடைய மாணவர் படைச் சீருடைப் பேண்ட்டை வைத்து, இடுப்போடு இடுப்பைப் பொருத்தி அம்மா மூன்று முறை அளந்துவிட்டாள். மூன்று முறையும் அதே இரண்டு விரற்கடை.

"வளர்ந்துட்டா," என்றாள். "நம்ம கண்ணு முன்னாடியே வளர்ந்திருக்கா. நாம கவனிக்கல."

"நான் கவனிச்சேன்," என்றது கூடத்திலிருந்த செய்தித்தாள். அதற்குப் பின்னால் அவள் கணவர் இருந்தார்.

"அப்ப ஏன் சொல்லல?"

"பிள்ளை வளர்றதெல்லாம் ஒரு சேதியா?"

அன்று ஞாயிற்றுக்கிழமை. மதியம் மூன்று மணிக்கு மைதானத்தில் சீருடைச் சோதனை. குறையில்லாமல் நிற்பவர்களிலிருந்து ஒருத்தியை டிரில் மாஸ்டர் இந்த ஆண்டின் அணித் தலைவியாக அறிவிப்பார். மகள் காலையிலேயே விளையாட்டு உடையில் ஒத்திகைக்குப் போய்விட்டாள். ஒன்றரை மணிக்கு உடை மாற்றிக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். ஒத்திகையில் போன் வைத்திருக்க அனுமதி இல்லை. கேட்டுச் செய்ய வழியில்லை.

அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் மாணவர் படை கொடுத்த தாள் ஒட்டியிருந்தது. 'தோற்றமும் நடத்தையும்: பதினோரு விதிகள்'. நகம், முடி, பொத்தான், நிற்கும் விதம், பதில் சொல்லும் விதம் என்று எதையும் விட்டுவைக்காத தாள். நான்காம் விதி: பேண்ட்டின் விளிம்பு ஷூவின் மேல் படிய வேண்டும்.

"முதல் விதி என்ன சொல்லுது?" என்றார் கணவர், பக்கத்தைப் புரட்டியபடி.

அது அவளுக்கு மனப்பாடம். 'சீருடைப் பராமரிப்பில் பெற்றோர் உதவி செய்ய கூடாது.'

"அதுல 'செய்ய'வுக்கு அப்புறம் ஒரு 'க்' இல்ல. ஒற்றுப் பிழையோட இருக்கற விதி செல்லாது."

அவள் அச்சகத்தில் பிழை திருத்துபவள். பதினெட்டு வருடங்களாகச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து, விட்டுப்போன புள்ளிகளையும் அத்துமீறி நுழைந்த கொம்புகளையும் பிடித்து வருகிறாள். மாலை ஆறு மணிக்கு அச்சகத்தைப் பூட்டிவிடுவார்கள். அவள் கண்ணைப் பூட்ட யாருக்கும் தெரியவில்லை. இந்த விதித் தாளைக்கூட ஒருமுறை திருத்தியிருக்கிறாள். பதினேழு பிழைகள். மகள் அதைப் பார்க்காமல் டிரில் மாஸ்டரிடம் நீட்டிவிட்டு மைதானத்தை இரண்டு சுற்று ஓடினாள். இப்போது ஒட்டியிருப்பது புதுத் தாள்.

போன வருடம் அணித் தலைவி பதவி ஒரு பொத்தானில் போனது. சட்டையின் நான்காவது பொத்தான் லேசாக ஆடுவதைப் பார்த்து, மகள் குளித்துக்கொண்டிருந்த பத்து நிமிடத்தில் இவள்தான் இறுக்கித் தைத்தாள். மற்ற பொத்தான்களில் நூல் இரண்டு இணைகோடுகளாக ஓடியது. இவள் பெருக்கல் குறி போட்டுவிட்டாள். டிரில் மாஸ்டர் அந்தப் பொத்தானைத் தொட்டுக் காட்டிக் கேட்டபோது, மகள் ஒன்பதாம் விதிப்படி காரணம் எதுவும் சொல்லாமல், "தவறு என்னுடையது, சார்" என்றாளாம். வீட்டுக்கு வந்து அதுகூடச் சொல்லவில்லை. இன்னொரு பெண்ணின் அம்மா சொல்லித்தான் இவளுக்குத் தெரிந்தது.

மகள் கத்தியிருந்தால் தேவலை என்று இவள் பல நாள் நினைத்திருக்கிறாள். கத்தாமல் இருந்தது எங்கோ உள்ளே மாட்டிக்கொண்டு ஒரு வருடமாக உறுத்தியது. ஊரார் பிழையெல்லாம் திருத்துகிறவள், பெற்ற பெண்ணின் நெஞ்சிலேயே ஒரு பிழையைத் தைத்து அனுப்பியிருக்கிறாள். இந்த வருடம் அவள் ஜெயித்தே ஆக வேண்டும். அதற்கு இரண்டு விரற்கடைத் துணி வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

சட்டையில் குறை எதுவும் இல்லை; நான்காவது பொத்தானில்கூட இப்போது இணைகோடுகள்தான். பெயர்ப்பட்டையைத்தான் காணோம். கழற்றிப் பத்திரப்படுத்தியிருப்பாள், கெட்டிக்காரி.

"பேண்ட் விளிம்பைப் பிரிச்சுவிடப் போறேன்," என்று கூடத்துக்கு அறிவித்தாள்.

"அந்தப் பேண்ட்டை நீ என்ன வேணா பண்ணிக்கோ."

வழக்கமாக அவர் இவ்வளவு சுலபத்தில் வழிவிடுகிறவர் இல்லை. அவளுக்கு அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை.

உள்ளே மடித்துத் தைத்திருந்த துணி அளந்து வைத்தாற்போல் இரண்டு விரற்கடை இருந்தது. ஊசி முனையால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். பேண்ட் நீண்டது. பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெள்ளைக் கோடு ஒன்று காலைச் சுற்றி மோதிரம் மாதிரி நின்றது.

"சலவைக் கடைக்காரர்கிட்ட குடு. நீராவி காட்டினா போயிடும்," என்றார் கணவர்.

"அந்தக் கடைப்படி நான் ஏற மாட்டேன்."

தெருமுனைக் கடைதான். பலகையில் 'சலவை கடை' என்று எழுதியிருந்தது. ஒரு வருடத்துக்கு முன் நான்கு வாடிக்கையாளர்கள் எதிரில் அவள் அந்த 'க்'கைப் பற்றிச் சொன்னாள். "நீங்க துணி குடுக்க வந்தீங்களா, பாடம் நடத்த வந்தீங்களா மேடம்?" என்றார் அவர். "க் போட்டதுக்கு அப்புறம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தவள்தான். அவரும் போடவில்லை, இவளும் போகவில்லை.

இஸ்திரிப் பெட்டியை எடுத்து, ஈரத் துணியை விரித்து, வலது காலின் கோட்டின் மேல் அழுத்தினாள். கோடு மங்கியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போய்விடும். அழுத்திக்கொண்டே நிமிர்ந்தபோது, மேசை மேல் இருந்த இஸ்திரிப் பெட்டியின் அட்டைப் பெட்டி கண்ணில் பட்டது. எச்சரிக்கை என்ற தலைப்பின் கீழே எழுதியிருந்தது: 'இஸ்திரி பெட்டியை துணி மேல் வைத்துவிட்டு கவனம் சிதற கூடாது.'

இஸ்திரிப். ஒன்று. பெட்டியைத். இரண்டு. வைத்துவிட்டுக். மூன்று. ஒரே வரியில் இத்தனையா என்று மனம் பதறியது. சிதறக். நான்கு.

நான்காவது ஒற்றைப் போட்டு முடிக்கும்போது வாசனை வந்தது.

"ஏதோ கருகுது," என்றார் கணவர்.

"இல்ல. கருகிடுச்சு."

இஸ்திரிப் பெட்டியின் கூர்முனை, பழுப்பு நிறத்தில், வலது காலின் அடியில் அச்சாகியிருந்தது. அச்சுத் தொழிலில் இவ்வளவு சுத்தமான பதிவை அவள் பார்த்ததில்லை.

அசரவில்லை. கருகிய இடத்தை உள்ளே தள்ளி மடித்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? மடித்தாள். கருகல் மறைய நான்கு விரற்கடை மடிக்க வேண்டியிருந்தது. ஒரு கால் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்காமலிருக்க இடது காலையும் அதே அளவு மடித்துத் தைத்தாள். எடுத்து நீலப் பேண்ட்டின் மேல் வைத்துப் பார்த்தாள்.

ஒரு மணி நேரம் பாடுபட்டதில் இரண்டு விரற்கடைக் குறை நான்கு விரற்கடைக் குறையாக வளர்ந்திருந்தது.

கணவர் முதல்முறையாக அறைவாசலுக்கு வந்து பார்த்தார். "மழைக்காலத்துக்கு வசதி."

"உங்களுக்கு இது சிரிப்பா இருக்கா?"

"நான் எங்க சிரிச்சேன்? முதல் விதியை அப்பவே ஞாபகப்படுத்தினேன். விட்டுடு, அவ பார்த்துப்பா."

"அவ எப்படிப் பார்த்துப்பா? குழந்தை."

"இப்பதான் வளர்ந்துட்டான்னு அளந்து காமிச்சே."

அவள் பார்வை கணவரின் தோளைத் தாண்டிக் கொடியில் நின்றது. அவர் தண்ணீர் மீட்டர் பார்க்கும் ஊழியர். வேலைக்குப் போட்டுப் போகும் காக்கிப் பேண்ட் அங்கே காய்ந்துகொண்டிருந்தது. மகளுடையதும் காக்கி.

"வேணாம்," என்றார் அவர், திரும்பிப் பார்க்காமலே. அன்று காலை முதல் அவர் குரலில் இருந்த நிதானம் அந்த ஒரு சொல்லில் காணாமல் போனது. "நாளைக்கு நான் அதைத்தான் போட்டுட்டுப் போகணும்."

"அடியில கொஞ்சம்தான். நீங்க மடிச்சு விட்டுக்கலாம்."

"இங்க பாரு, அது என்னோடது. நிஜமா வேலைக்குப் போற பேண்ட்டு."

'நிஜமா' என்ற சொல் அங்கே தேவையில்லாமல் நிற்பதை அவள் கவனித்தாள். ஆனால் கத்தரி அதற்குள் பாதி தூரம் போய்விட்டது.

ஒட்டுப் போட்டு முடித்தபோது நீளம் சரியாக வந்தது. நிறம் வரவில்லை. வீட்டுக்குள் ஒன்றாகத் தெரிந்த இரண்டு காக்கியும் சன்னல் வெளிச்சத்தில் பங்காளிகள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டன. மகளுடையது வெளிர். கணவருடையது அழுத்தம். வெளிரை அழுத்தமாக்க வேண்டும். மணி பன்னிரண்டே கால்.

டீத்தூள் டப்பா அவள் கையில் இருப்பதைப் பார்த்துக் கணவர், "எனக்கும் ஒரு கப்," என்றார்.

"இது பேண்ட்டுக்கு."

அவர் செய்தித்தாளை மடித்தார். கொடியிலிருந்த தன் அரைப் பேண்ட்டை எடுத்துக்கொண்டு போய் வேறு அறையில் உட்கார்ந்துகொண்டார்.

பன்னிரண்டே முக்காலுக்கு வாளியிலிருந்து வெளியே எடுத்தாள். வெளிர்க் காக்கி, டிகாக்ஷன் நிறமாகியிருந்தது. ஒட்டுத் துணி மட்டும் பிடிவாதமாகக் காக்கியாகவே நின்றது. போதாததற்கு முழங்காலுக்கு மேலே திட்டுத் திட்டாக ஏதோ ஒரு நாட்டின் வரைபடம். பேண்ட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் அதை மறுபடி வாளிக்குள் போட்டாள். அழுகை வரும் போலிருந்தது. வரவில்லை; அழுதால் ஐந்து நிமிடம் போகும். வாளியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

தெருவில் நடக்கும்போது, மகளிடம் என்ன சொல்வது என்று மனதில் எழுதிப் பார்த்தாள். பேண்ட் குட்டையா இருந்துச்சு. அட்டைப் பெட்டியில நாலு பிழை இருந்துச்சு. அப்பாவோட பேண்ட் அழுத்தமான காக்கி. ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய் வேறு யாரோவாக இருந்தது. எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் பார்த்தால், ஒன்பதாம் விதி மட்டும் மிச்சமிருந்தது. பதினாறு வயதுப் பெண் மைதானத்தின் நடுவில் நின்று, அம்மாவின் பெருக்கல் குறிக்காகச் சொன்ன அந்த இரண்டு சொற்கள். அதைத் தன் வாயால் ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்று அவளுக்கு அப்போது உறைத்தது. அச்சகத்தில் பிழை வந்தால்கூட, "மூலப்பிரதியில அப்படித்தான் இருந்துச்சு" என்றுதான் சொல்வாள்.

கடை வந்துவிட்டது. 'சலவை கடை'. க் இன்னும் வரவில்லை. இரண்டு கையாலும் வாளியைப் பிடித்திருந்ததால் சிவப்புப் பேனாவைத் தேட முடியவில்லை. படியேறினாள்.

சலவைக் கடைக்காரர் ஒரு சட்டையின் காலரை நீவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். "வாங்க மேடம். போர்டு இன்னும் மாத்தல."

"இருக்கட்டும்," என்றாள் அவள். அந்தச் சொல்லை வெளியே தள்ளக் கொஞ்சம் பலம் வேண்டியிருந்தது. "எழுத்து தெரியுதே, போதும்."

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"என் பொண்ணோட பேண்ட். மூணு மணிக்குச் சோதனை. நான்தான் பிரிச்சேன், நான்தான் கருக்கினேன், நான்தான் வெட்டி ஒட்டினேன், நான்தான் டீயில போட்டேன். அவ எதையும் தொடல. தப்பு என்னோடது." நிறுத்தி மூச்சு விட்டாள். "நீங்க எதாவது பண்ண முடிஞ்சா பண்ணுங்க. முடியாதுன்னா, அவ வந்ததும் நானே மைதானத்துக்குப் போய் அவங்க மாஸ்டர்கிட்ட இதையே சொல்லிடறேன்."

அவர் ஒரு குச்சியால் பேண்ட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். ஒட்டை, கருகலை, வரைபடத்தைப் பொறுமையாகப் படித்தார். சிரிக்கவில்லை. இடுப்புப் பட்டியின் உள்ளே விரலை விட்டு, அங்கிருந்த அளவு எண்ணைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்.

"இது வீட்டு அலமாரியில தொங்கினதுதானே மேடம்?"

"ஆமா. வேற எங்க இருக்கும்?"

பேண்ட்டை வாளிக்குள் மெதுவாக இறக்கிவிட்டு, பின்னால் போய், வரிசையாகத் தொங்கிய உறைகளில் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து அவள் எதிரில் மாட்டினார். உள்ளே ஒரு காக்கிச் சீருடை. மடிப்பில் கை வைத்தால் அறுத்துவிடும் போலிருந்தது. பொத்தான்கள் அத்தனையிலும் இணைகோடுகள். நெஞ்சில் பெயர்ப்பட்டை. பேண்ட் இரண்டு விரற்கடை கூடுதல் நீளம்.

அவள் பெயர்ப்பட்டையை எழுத்து எழுத்தாகப் படித்தாள். பிழை இல்லை. அது அவள் பெண்ணின் பெயர்தான்.

"ரெண்டு மாசமா பாப்பா இங்க வந்து தானே தேய்ச்சுப் பழகுது, ஒன்றரைக்கு வந்து மாத்திக்கும்," என்றார் கடைக்காரர். "உங்க கைக்கு ஒரு வேலை இருக்கட்டும்னு போன வருஷத்துதை அலமாரியில மாட்டிட்டு, இதை இங்க கொண்டாந்து வெச்சிருக்கு மேடம், வீட்டுல இருந்தா அம்மா உதவி பண்ணிடுவாங்களாம்."