ஏழால் பெருக்கினால்

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு உங்கள் அக்கா மகன் எழுதுவது. இங்கே நான் நலம். இஸ்திரி மெஷின் என்னைவிட நலம். மாமியின் முட்டிவலி தேவலையா?

தம்பியையும் இதே கம்பெனியில் சேர்த்துவிடப் போகிறீர்களாம், அம்மா சொன்னாள். வேண்டாம் மாமா. போனில் சொல்லியிருப்பேன், நீங்கள்தான் எடுப்பதில்லையே. வேலை வாங்கித் தந்தவர்கள் அதன்பிறகு எடுக்கமாட்டார்கள்தான்.

"ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற வேலை, வெள்ளை வேலைடா" என்றீர்கள். வெளியே போகும்போது வெள்ளைதான். வரும்போது என்ன நிறம் என்று நீங்கள் சாப்பிடும் நேரம் பார்த்து எழுதமாட்டேன். இங்கே யாருக்கும் பெயர் கிடையாது. சேரும்போது ஓர் எண் தருவார்கள். பிரிவு மாறினால் அதைப் பிரிவு எண்ணால் பெருக்கி வேறு அட்டை. எனக்கு வாய்த்தது 142857. முதல் பிரிவில் அழுக்குத்துணி பிரித்தேன். இரண்டாம் பிரிவு சலவை, 285714. மூன்றாவது உலர்த்துமிடம், 428571. மற்றவர்களுக்கு இலக்கங்களே மாறுகின்றன. எனக்கு மட்டும் அதே ஆறும் செக்குமாடாகச் சுற்றி வருகின்றன. வாசல் காவலாளி, "அதே ஆறு பேரு வரிசை மாறி நின்னா எனக்குத் தெரியாதா? திருட்டு அட்டையா?" என்று என்னை வெயிலில் உட்கார வைத்துவிட்டார்.

நான்காவது இஸ்திரி, 571428. அங்கே அட்டை உருளையில் சிக்கி நடுவே இரண்டாகிவிட்டது, கை தப்பியது. மேற்பார்வையாளர் பதறி ஓடிவந்து, "துணிக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றார். நான் சும்மா இருக்கமாட்டாமல் இரண்டு துண்டையும் கூட்டினேன். 571, 428. வந்தது 999. பழைய எண்களையும் நடுவில் வெட்டிக் கூட்டினேன். எல்லாமே 999. அதன்பிறகு ஐந்தாம் பிரிவில் போர்வை மடிக்கும்போதெல்லாம் நடுமடிப்பைப் பார்க்கவே பயம்.

இப்போது ஆறாவதில் மூட்டை ஏற்றுகிறேன், 857142. நாளை ஏழாம் பிரிவாம். அங்க என்ன வேலைன்னு கேட்டா மேற்பார்வையாளர் பெருமையா, "அங்க போன ஒருத்தன்கூட இதுவரைக்கும் லீவு கேட்டதில்லடா"ங்கிறார். ஏழால பெருக்கிப் பார்த்தேன் மாமா. என் இலக்கத்துல ஒண்ணுகூட மிஞ்சல. 999999. அட்டை வாங்கப் போனா, காவலாளி புதுசா எதுவும் குடுக்கல. ஆணியில தொங்கினதை எடுத்து நீட்டுறார். கயிறு கழுத்து வேர்வையில கறுத்துக் கிடக்கு.

"இது யாருதுண்ணே?"

"உன் நம்பர்ல வந்தவங்க எல்லாருக்கும் கடைசியில இதுதாம்பா."

எத்தனை பேருன்னு கேட்டேன். வண்டிக்கு கேட்டைத் திறக்கப் போயிட்டார்.

என்னைக் கூட்டிட்டுப் போங்க மாமா. முடியலைன்னா தம்பியையாவது அனுப்பாதீங்க.

பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு முத்தம், யாருக்கும் அட்டை வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகன்
(பேர் ஞாபகம் இருக்குதானே?)

பின்குறிப்பு: மேலே உள்ளவற்றைப் பொருட்படுத்த வேண்டாம். ஏழாம் பிரிவில் சேர்ந்துவிட்டேன். நல்ல இடம். துணிகள் மிகவும் வெள்ளை. லீவு தேவைப்படவில்லை. தம்பியை உடனே அனுப்பி வைக்கவும். 142857 காலியாக உள்ளது.

— 999999