பத்து மணிக்கு வரும் அரணை

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எல்லோரும் என்றால் இரண்டே பேர். அதில் ஒருவருக்கு மற்றவர் யார் என்று தெரியவில்லை. மற்றபடி சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து அவளை அழைத்துப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மா போனில் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். "யாரோ ஒரு சார் வீட்டுக்குள்ள இருக்கார், எதையோ கொன்னு பாட்டில்ல போட்டு வச்சிருக்கார், வீட்டுக்காரரையும் காணோம்னு உங்க தங்கச்சி அழுவுறாங்க." இதில் எதையும் அவர் இட்டுக்கட்டவில்லை, அதுதான் என் கஷ்டம். அந்த சார் நான்தான். காணாமல் போன வீட்டுக்காரரும் நான்தான். பாட்டிலில் இருப்பது ஓர் அரணையின் வால். வால் மட்டும்.

பின்கட்டுப் படியில் பத்து மணிக்கு வெயில் விழும். அப்போது துணி துவைக்கும் கல்லுக்கு அடியிலிருந்து அந்த அரணை வரும். முதுகு எண்ணெய் பூசினாற்போல் பளபளக்கும், உடம்பைத் தட்டையாக்கிச் சூடு ஏற்றிக்கொள்ளும், பிறகு ஒரு கரப்பானைப் பிடிக்கும். பல்லிக்கு மூடித் திறக்கும் இமை கிடையாது, அரணைக்கு உண்டு. அது கண்ணை மூடித் திறந்தால் இவளும் மூடித் திறப்பாள். கடிக்க வந்துவிட்டு, வந்த காரியத்தையே மறந்துவிடும் பிராணி என்று அதற்கு ஊரெல்லாம் கெட்ட பெயர். கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் உதவியாளனாக இருந்தவன் சொல்கிறேன், அது பத்து மணியை ஒருநாளும் மறந்ததில்லை. இவளும்தான். சாப்பிட்டதை மறக்கிறாள், என்னை மறந்துவிட்டாள், பத்து மணிக்குப் படியில் இருப்பாள். "உக்காருங்க சார், வீட்டுக்காரர் வெளிய போயிருக்கார், இப்ப வந்துருவார்" என்று எனக்கும் இடம் ஒதுக்குவாள்.

இரண்டு தடவை தெருவில் இறங்கிப் பேருந்து நிறுத்தம்வரை போய்விட்டாள் என்பதால், அவள் உள்ளே வந்ததும் பின்கதவைச் சட்டென்று சாத்துவது என் வழக்கம். அன்றைக்குச் சாத்தினேன், அரணை நிலைப்படியில் இருந்திருக்கிறது. அது போய்விட்டது, வால் மட்டும் சமையலறையில் துள்ளியது. இவள் போட்ட கூச்சலில் தையல்கார அம்மா ஊசியும் கையுமாக ஓடி வந்தார். அந்த நேரத்தில் ஒரு புருஷன் மனைவிக்கு ஆறுதல் சொல்ல வேண்டும். நான் என்ன செய்தேன்? கைப்பழக்கம் மச்சான், வாலை எடுத்து ஜாம் பாட்டிலில் போட்டு, ஸ்பிரிட் ஊற்றி, 'அரணை, வால், சமையலறை' என்று தேதியோடு சீட்டு ஒட்டிச் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். இந்த சார் கொலைகாரன் என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும் அவளுக்கு?

எட்டு நாள் அரணை வரவில்லை. இவள் சாப்பிடவும் இல்லை. ஒன்பதாம் நாள் சுற்றுச்சுவர் ஓரம் தவழ்ந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டு, வேறோர் அரணையைப் பிடித்துவந்து படியில் விட்டேன். அதே அளவு, அதே நிறம். நான் பார்த்தால் எனக்கே வித்தியாசம் தெரியாது. ஒரே பார்வைதான், "இது அது இல்ல சார்" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. முப்பத்து நான்கு வருடம் கூடவே கிடந்தவனை அடையாளம் தெரியவில்லை, கல்லுக்கு அடியில் கிடப்பதைத் தெரிகிறது. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நேற்று அது வந்தது. பின்பக்கம் மொட்டையாக, ஒரு சிறு முனை மட்டும் கறுப்பாக முளைத்திருந்தது. வால் திரும்ப வளரும், ஆனால் உள்ளே எலும்பு இருக்காது. "வால் போனா என்ன, முழி அதேதான்" என்று சொல்லிவிட்டு, இரண்டு கவளம் வாங்கிக்கொண்டாள். எனக்குப் போனது தலைமுடி மட்டும்தான், முழி அதேதான் என்று சொல்ல வாயெடுத்தவன், தட்டைக் கழுவப் போனேன். ஆகவே மச்சான், அவளுக்கு ஞாபகம் அடியோடு போய்விடவில்லை. ஒன்று திரும்பி வந்தால் இன்னொன்றும் வரும். நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் தயவுசெய்து வர வேண்டாம். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், உங்கள் முழங்காலுக்கு ஓய்வு.

இப்படிக்கு,
இந்த வீட்டில் தற்சமயம் 'சார்'

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் இதை அவளுக்குப் படித்துக்காட்டினேன். சிரிக்க வேண்டிய இடங்களில் சிரித்தாள். முடித்ததும், "பாவம் சார் அந்த மனுஷன், தூங்கி எத்தனை நாளாச்சோ. அந்தம்மாவ அவங்க அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடச் சொல்லுங்க. அவருக்கும் யாராவது ஒருவாய் சோறு போடட்டும்" என்றாள். அவள் பேச்சை நான் தட்டியதில்லை. வாருங்கள் மச்சான். பத்தரைக்குப் பிறகு வாருங்கள், அதுவரை படியில் இருப்பாள். உங்கள் வீட்டுப் பின்பக்கம் காலை வெயில் விழுமா என்று பார்த்துவையுங்கள். வண்டியில் இரண்டு பேருக்கு இடம் இருக்கட்டும். கூட ஒரு சாரும் வருகிறார் என்று அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால், "உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்" என்பாள்.