வாயு சார் மாட்டிவிட்ட வில்லை

மிளகும் சுக்கும் ஏலமும் விற்று மூக்கை நம்பியே பிழைக்கும் கொச்சி மட்டாஞ்சேரியில், தம் மூக்கை ஒரு கணமும் நம்பாமல் வாழ்ந்த ஒரே மனிதர் வாயு சார்தான்.

அவருடைய இயற்பெயரை எவரும் கேட்டதில்லை. கரைப்பான் ஊற்றி மிளகின் சத்தைப் பிரித்தெடுக்கும் எங்கள் நிறுவனத்தில் காற்றில் கலந்த ஆவியை அளப்பதற்காக, மாதம் ஒருமுறை ஆலுவா ஆய்வுக்கூடத்திலிருந்து பேருந்தில் வருவார். அங்கே நான் அலுவலக மேலாளர், வேதியியல் பட்டதாரி. ஒவ்வொரு தொழிலாளியின் காலரிலும் ஒரு வில்லையை மாட்டிவிடுவார். நாள் முழுதும் நம்மைச் சூழும் ஆவியை அதற்குள் இருக்கும் கரித்தூள் பிடித்துவைக்கும். எவ்வளவு என்று ஆய்வுக்கூடம் சொல்லும்.

கையில் மீட்டர் ஒன்றும் எப்போதும் இருக்கும். எங்கள் கணக்கர் வீட்டுக் கல்யாணத்தில் மண்டபத்துச் சுவரை நோக்கி அதை நீட்டினார்.

"புது பெயின்ட். இதுக்குள்ளே மனுஷன் சாப்பிடப்படாது, கேட்டேளா?"

இலையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார். வெளியே நல்ல மழை.

"நனையறேளே சார்!"

"மழை சுத்தமாக்கும்!"

ஒருமுறை என் காலரிலும் வில்லையை மாட்டினார்.

"ஆறு மணி வரைக்கும் கழட்டப்படாது, சாமி."

"எனக்கு எதற்கு?"

"சாமிக்கு மட்டும் வேற காத்தா வரது?"

அன்று பிற்பகல் வெளிநாட்டு வணிகர்கள் வருவதாக இருந்தது. கழுத்தில் வில்லையுடன் நிற்பது மேலாளருக்கு அழகன்று. மதிய உணவுக்கு வீட்டுக்குச் சென்றபோது அதைக் கழற்றிப் படுக்கையறை அலமாரிக்குள் வைத்தேன். மறுநாள் காலை எடுத்துவந்து, முழுநேரமும் அணிந்திருந்ததாகப் படிவத்தில் கையெழுத்திட்டு, மற்ற வில்லைகளோடு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டேன்.

பத்து நாட்கள் கழித்து வாயு சார் படியேறி ஓடிவந்தார்.

"எல்லாரும் வெளியே இறங்குங்கோ! சாமி உக்காரற முறியிலே விஷம்!"

முறி என்றால் மலையாளத்தில் அறை. அலுவலகம் முழுவதும் தெருவில் நின்றது. மற்றவர்களின் வில்லைகளைவிட என் வில்லையில் பன்மடங்கு ஆவி இருந்ததாம். அலுவலகத்தை உடனே பூட்டச் சொல்லி முதலாளி தொலைபேசியில் ஆணையிட்டார். மூட்டை தூக்கும் தேனிக்காரர் செல்வம் உரக்கச் சொன்னார்:

"அதான் சாமி ஒரு வருசமாத் தள்ளாடுறாரா! நாங்க வேற மாதிரில்ல நெனச்சோம்!"

தெருவே சிரித்தது. தலைவலியும் கிறுகிறுப்பும் என்னை வாட்டியது உண்மை. கடைவீதி அதற்குக் கற்பித்திருந்த காரணத்தையும் நான் அறியாமலில்லை.

வாயு சார் அறிக்கையின் அடுத்த தாளைப் புரட்டினார்.

"இது நம்ம கரைப்பான் இல்லையே. பாச்சா உருண்டையாக்கும்! ஆபீஸ்லே பாச்சா உருண்டை ஏது, சாமி?"

நாற்பதாண்டுகளில் என் கையெழுத்தை எவரும் ஐயுற்றதில்லை. பேசாதிருந்தால் இத்தனை பேர் வேலை நின்றுபோகும். பேசினால் நான் பொய்யன்.

"கையெழுத்துதான் பொய். வில்லை என் ஆத்து அலமாரியிலே இருந்தது," என்றேன்.

இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை. வாயு சார் மட்டும் மெல்லக் கேட்டார்:

"சாமி படுக்கறது எந்த முறியிலே?"

"அதே அறையில்தான்."

அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டார். என் மனைவி மறைந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. அவளுடைய புடவைகளைப் பூச்சி அரித்துவிடக் கூடாதென்று மாதந்தோறும் உருண்டைகளைக் கொட்டிவந்தேன். அவளுடைய வாசனை போய்விடக் கூடாதென்று சன்னல்களையும் அடைத்திருந்தேன். அலமாரியைத் திறந்ததும் மீட்டர் அலறியது.

"இதிலே மாமி வாசனை எங்கே இருக்கு, சாமி?"

சினம் பொங்கியது. மறுக்கும் பொருட்டு ஒரு புடவையை முகர்ந்தேன். மறுக்க முடியவில்லை.

சன்னல்களைத் திறந்தோம். காயல் காற்று உள்ளே வந்தது. புடவைகளை நாற்காலிகள்மீது விரித்துப் போட்டோம். அவற்றைத் திரும்ப மடிக்க இருவருக்குமே தெரியவில்லை.

ஒரு மாதத்தில் என் தள்ளாட்டம் நின்றது. ஆனாலும் ஞாயிறுதோறும் அவர் வந்தார். ஆலுவாவில் அவருக்கும் ஒற்றை முறிதான், பேச எவருமில்லை. "காத்தை ஒருதரம் பாத்துடறேன், சாமி," என்று உள்ளே வந்து, சாயா குடித்துவிட்டு மாலைவரை இருப்பார். சென்ற ஆண்டு வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

அந்த ஞாயிறுகளில் பெரும்பாலும் அவர் மீட்டரைக் கொண்டுவருவதே இல்லை. நான் அதை ஒருநாளும் அவரிடம் சுட்டிக்காட்டவில்லை.