செங்கணியானுக்கு நான் செய்த துரோகம்

கொலைகாரர்கள்கூட ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் ஒரே காலையில் கோடிக்கணக்கில் முடித்திருக்கிறேன். (கோடி என்பது என் உத்தேசம். எண்ணிப் பார்க்க யாரும் விடவில்லை.)

அப்போது திருவனந்தபுரத்தில் ஒரு மீன் ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருந்தேன். மலை ஓடைகளில் அருகிவரும் செங்கணியான் மீனின் விந்தணு எப்படி வளர்ந்து முதிர்கிறது என்பதே ஆராய்ச்சி. எங்கள் தலைவி சரோஜம் டீச்சர் மூன்று வருடம் தொட்டியே கதியென்று கிடந்து, ஒரே ஒரு ஆண் மீனைப் பக்குவத்துக்குக் கொண்டுவந்திருந்தார். அதன் விந்தணு நீந்துவதைக் கொச்சி நிபுணர் ஒருவர் கண்ணால் பார்த்தால்தான் குஞ்சு பொரிக்கும் திட்டத்துக்கு அனுமதி.

இந்த அணுக்கள் மீனுக்குள் அசையாமல் கிடக்கும். தண்ணீர் பட்டதும் விழித்து, ஒரு நிமிடத்துக்குள் நீந்தி ஓய்ந்துவிடும். ஆகவே உலர்ந்த குப்பியில் எடுத்து, நிபுணர் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்த பிறகே ஒரு சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். இதைப் பற்றி நான் ஒரு கட்டுரையே எழுதியிருந்தேன்.

ஆனால் நான் வலியசாலை அக்ரஹாரத்துக்காரன். கவிழ்த்து வைத்த பாத்திரத்தை மறுபடி அலம்பாமல் எடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. பெரியவர் வருகிறார் என்ற பக்தியில் குப்பியைக் குழாயில் காட்டி, இரண்டு உதறு உதறி நீட்டினேன். மீன் தந்த அத்தனையையும் டீச்சர் அதில்தான் சேகரித்தார்.

நிபுணர் குனிந்தார். தண்ணீர் விட்டோம். வெகுநேரம் பார்த்தார்.

"எந்தா டீச்சரே, ஒண்ணும் அசையலையே, இது போட்டோவா?"

டீச்சர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "சுந்தரம், இதைக் கழுவினியா?"

"நன்னா அலம்பினேன் டீச்சர். ரெண்டு தரம்." (பாராட்டு வரும் என்று காத்திருந்தேன்.)

பக்கத்தில் நின்ற சக உதவியாளர் ஜெயா, "பந்தி முடிஞ்சு எல்லாரும் போயாச்சு, சாரே" என்றாள்.

நிபுணர் சிரித்துவிட்டதால் பிழைத்தோம். இரண்டு வாரம் கழித்து வருவதாகச் சொன்னார். மீனும் பெருந்தன்மையோடு மறுபடி பக்குவமானது. அவர் திரும்பி வந்த அன்று டீச்சர் என்னை வராந்தாவில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்துவிட்டு, குப்பியை ஜெயாவிடம் கொடுத்தார். உள்ளே கைதட்டல் கேட்டது. அனுமதி வந்தது.

அந்த ஜெயாவையே பிறகு கல்யாணம் செய்துகொண்டேன். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்த டீச்சர், தொட்டிலை எட்டிப் பார்த்து, என் மாமனார் முன்னாலேயே சொன்னார்:

"கொள்ளாம் சுந்தரம், பலே! ஒண்ணாவது நீந்திக் கரை சேர்ந்ததே!"

மாமனாருக்குப் புரியவில்லை. ஜெயா விளக்கினாள். இன்றும் ஒவ்வொரு பிறந்தநாளிலும், கேக் வெட்டுவதற்கு முன், வந்தவர்களுக்கெல்லாம் விளக்குகிறாள்.