ராகு காலத்தில் ஊறிய முகூர்த்தப் பட்டு

ஆனி மாதம் மூன்றாம் வெள்ளி, காலை பத்தரை மணி; சுள்ளென்று வெயில், ஓர் இலை அசையவில்லை. உலகத்திலேயே பெரிய தைரியசாலியும் பெரிய பயந்தாங்கொள்ளியும் ஒரே சட்டைக்குள் இருந்ததை அந்த நேரத்தில்தான் பார்த்தேன்.

அவரை நாங்கள் 'பசங்க சார்' என்போம். காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு சின்ன என்சைம் கம்பெனி. அவர் விஞ்ஞானி, நான் ஓய்வு பெற்ற பின் அங்கே கணக்கு பார்த்தவன். கச்சாப் பட்டு நூலில் ஒரு பசை உண்டு. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து அதை எடுப்பார்கள். வெதுவெதுப்பான தண்ணீரிலேயே அந்தப் பசையைத் தின்னும் என்சைமை இவர் தயாரித்தார். சாதுவான ஒரு பாக்டீரியாவுக்குள் வேறொன்றின் மரபணுவைச் செருகி, எஃகுத் தொட்டியில் சோயாக் கஞ்சி ஊற்றி வளர்ப்பார். அது சுரப்பதை வடிகட்டி எடுப்போம். அந்தக் கோடானுகோடி உயிர்கள்தாம் அவருடைய 'பசங்க'.

தினமும் தொட்டியைத் தட்டி, "சாப்டீங்களாபா?" என்பார். ஒருமுறை மின்சாரம் போய், தொட்டிக்குக் காற்றடிக்கும் எந்திரம் நின்றது. வாட்ச்மேனின் சைக்கிள் பம்ப்பைக் கொண்டுவந்து சொருகிவிட்டார்.

"பசங்களுக்கு மூச்சு முட்டுது, நீங்க கணக்கு எழுதிக்கினு இருக்கீங்களே சார்!"

நானூற்றுப் பன்னிரண்டு முறை அடித்தேன். பலன், என் தோள்பட்டை வலி மட்டுமே.

ஆர்டர் எதுவும் வரவில்லை. "ஒரே ஒரு முகூர்த்தப் பட்டுக்காவது நல்லபடியா பசை எடுத்துக் காட்டுங்க. இல்லேன்னா மாசக் கடைசியில பூட்டிடுவேன்" என்றார் முதலாளி. யார் கொடுப்பார்கள்? என் மகளின் கல்யாணப் புடவைக்கு வாங்கிய நூலையே கொடுத்தேன்.

என்சைம் கலந்த அண்டாவில் நாற்பது நிமிடம் ஊறினால் போதும். சாயமாஸ்டர் ஏகாம்பரம் பார்க்க வந்திருந்தார். பத்தரைக்கு நேரம் முடிந்தது. அண்டாவின் மூடியைத் திறக்கப் போன பசங்க சார், சுவர்க் காலண்டரைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார்.

"ராகு காலம் சார். பன்னெண்டு வரைக்கும் தொடக்கூடாது."

"உள்ள தின்னுக்கினு இருக்குதே!" என்று அலறினேன்.

"பொண்ணு மணையில கட்டிக்கப்போற பட்டு சார். பசங்க குடுத்த சரக்கு, பசையத் தாண்டிப் போகாது."

சொல்லிவிட்டு மூடிமேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"இன்னா சார், முட்டையா அடைகாக்கறீங்க? எழுந்திருங்க!" என்றார் ஏகாம்பரம்.

அசையவில்லை. பசையைப் போலவே பட்டும் புரதம்தான், விட்டால் அதையும் தின்னும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே பசங்க சார்தான்.

பன்னிரண்டு மணி ஒரு நிமிடத்துக்கு மூடி திறந்தது. ஏகாம்பரம் கோலால் தூக்கினார். நூல் பஞ்சு பஞ்சாகப் பிய்ந்தது.

"இத்த நெய்ய முடியாது சார். தலகாணியில அடைக்கலாம்."

மாதக் கடைசியில் கம்பெனிக்குப் பூட்டு. மரபணு மாற்றிய உயிர்களை வெளியே விடக்கூடாது என்ற விதிப்படி, தொட்டிக்குள் நீராவி விட்டுப் பசங்களைக் கொல்ல வேண்டும். அன்றைக்கும் ராகு காலம் முடியக் காத்திருந்தார். முடிந்த பிறகும் வால்வைத் திருப்ப அவருக்குக் கை வரவில்லை. நான் திருப்பினேன்.

பஸ்ஸில் ஏற்றிவிட்டபோது ஜன்னல் வழியே சொன்னார்: "பொண்ணு நல்லா இருக்கும் சார். ராகு காலத்துல தொடலையே."

மறுபடி வாங்கிய நூலுக்கு நாலாயிரத்து எண்ணூறு ரூபாய். வழியில் கொறிக்க அவருக்கு வாங்கிக் கொடுத்த முறுக்குக்கு முப்பது. அந்த முப்பதை நஷ்டத்தில் சேர்க்க மனம் வரவில்லை. ஆக மொத்தம், நாலாயிரத்து எண்ணூறு.